மீனின் நாற்றமும் மின்னணு மூக்கும்

மீனை விலை பேசுவதற்கு முன் அதன் செவுளைத் தூக்கிப் பார்ப்பது நம் கடற்கரைச் சந்தைகளில் எல்லாம் உள்ள வழக்கம். செவுள் சிவந்திருக்க வேண்டும். கண் குழிவிழுந்து வெளுத்திராமல் சற்றே புடைத்துத் தெளிவாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் பள்ளம் அப்படியே நிற்காமல் சதை மீண்டும் எழும்பி வர வேண்டும். இவ்வளவும் பார்த்த பிறகு, மீனை முகத்தருகே கொண்டு சென்று மோந்து பார்ப்பார்கள். கண்ணும் விரலும் சொன்னதை மூக்கும் ஒப்புக்கொண்டால்தான் பேரம் தொடங்கும்.

அனுபவமுள்ள ஒருவருடைய மூக்கு மிக நுண்ணிய கருவி. அந்தக் கருவி செய்கிற வேலையை உலோகத்தாலும் கண்ணாடியாலும் ஆன வேறொரு கருவியைக் கொண்டு செய்விக்க முடியுமா என்று கடந்த நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக விஞ்ஞானிகள் முயன்று வந்திருக்கிறார்கள். அதற்கு மின்னணு மூக்கு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அது எவ்வாறு வேலை செய்கிறது, எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதையே இங்கு ஆராயப் போகிறோம்.

இருக்கிற மூக்கை விட்டு இல்லாத மூக்கைத் தேடுவானேன் என்று கேட்கலாம். நம் மூக்குக்குச் சில குறைகள் உண்டு. முதலாவது, அது விரைவில் களைத்துவிடும். மீன் ஏலக் கூடத்துக்குள் புதிதாக நுழைபவரை முகம் சுளிக்க வைக்கும் வாடை, சிறிது நேரம் அங்கே நின்றவருக்குத் தெரிவதே இல்லை. இரண்டாவது, ஒருவருடைய மூக்கைப் போல மற்றொருவருடைய மூக்கு இல்லை. 2020-ஆம் ஆண்டில் ஐஸ்லாந்து நாட்டில் பதினோராயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டு நடத்திய ஓர் ஆராய்ச்சியின் முடிவு வெளியாயிற்று. மூக்கிலுள்ள ஒரு குறிப்பிட்ட வாங்கியின் மரபணு சிலரிடம் மாறுபட்டிருக்கிறது என்றும், அத்தகையோருக்கு மீன் நாற்றம் அவ்வளவு கடுமையாகவோ வெறுக்கத்தக்கதாகவோ தோன்றுவதில்லை என்றும் அது காட்டியது. மீனையே பெருந்தொழிலாகக் கொண்ட நாட்டில் இந்த உண்மை வெளிப்பட்டது சுவையான செய்தி அல்லவா?

மூன்றாவது குறைதான் மிகப் பெரியது. மூக்கின் தீர்ப்பைக் காகிதத்தில் எழுதிக் காட்ட முடியாது. ஒரு வண்டி நிறைய வந்த மீனை, 'வாடை சரியில்லை' என்று ஒரு பரிசோதகர் தள்ளிவிட்டால், கடலில் இரவெல்லாம் கண்விழித்தவனுடைய உழைப்பு வீணாகிறது. தள்ள வேண்டியதைத் தள்ளாமல் விட்டாலோ, உண்பவனுடைய உடல்நலம் கெடுகிறது. இருவரில் எவர் வந்து 'என்ன ஆதாரம்?' என்று கேட்டாலும், 'என் மூக்கு' என்பதற்கு மேல் அவரால் விடை சொல்ல இயலாது. ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகரில் இருந்த டாரி ஆராய்ச்சி நிலையத்தார் 1953-இல் இதற்கு ஒரு வழி செய்தார்கள். பயிற்சி பெற்ற சிலரை அமர்த்தி, மீனின் வாடையையும் சுவையையும் படிப்படியாக வகுத்து, மதிப்பெண் இடும் முறையை ஏற்படுத்தினார்கள். மாணவரின் விடைத்தாளைப் போல மீனுக்கும் மதிப்பெண் வந்தது. ஆயினும், மதிப்பெண் இடுகிற மூக்கு மனித மூக்காகவே இருந்தது.

இனி, மோந்து பார்க்கும்போது நாம் மோப்பது எதை என்று பார்ப்போம். பழந்தமிழில் நாற்றம் என்ற சொல் நறுமணத்துக்கும் உரியதாக இருந்தது. பூவுக்கும் நாற்றம் உண்டு. மீனின் வாடையைப் புலவு என்று தனியே ஒரு சொல்லால் குறித்தார்கள். விஞ்ஞானமும் இந்தப் பாகுபாட்டை ஒரு வகையில் ஒப்புக்கொள்கிறது. ஏனெனில், அப்போதுதான் பிடித்த கடல் மீனுக்கு நாம் நினைக்கிற புலவு நாற்றம் கிடையாது. அதன் மணம் கடற்பாசியையும், புதிதாக நறுக்கிய வெள்ளரிக்காயையும் நினைவூட்டும். மீனின் தோலிலும் செவுளிலும் உள்ள நொதிகள், அதன் கொழுப்பு அமிலங்களைச் சிதைப்பதனால் உண்டாகும் பொருள்களே இந்த மணத்துக்குக் காரணம். வெள்ளரிக்காயின் மணத்துக்கும் இதே குடும்பத்துப் பொருள்களே காரணமாக இருப்பதால், ஒப்புமை வெறும் கற்பனை அன்று.

உயிருள்ள நல்ல மீனின் சதைக்குள் பாக்டீரியாக்கள் இல்லை. அவை தோலிலும் செவுளிலும் குடலிலும் தங்கியிருக்கின்றன. மீன் இறந்தபின் காவல் நீங்கிய கோட்டைக்குள் புகுவதுபோலச் சதைக்குள் புகத் தொடங்குகின்றன. அங்கே டிரைமெதிலமைன் ஆக்சைடு என்னும் பொருள் அவற்றுக்காகவே சேர்த்து வைத்ததுபோல் இருக்கிறது. உப்பு நிறைந்த கடல் நீருக்கு ஈடு கொடுத்து உடலில் நீர்ச் சமநிலையைக் காப்பதற்காகக் கடல் மீன்கள் இதைத் தம் உடலில் வைத்திருக்கின்றன. இதற்கு மணம் இல்லை. பிராணவாயு கிடைக்காத இடத்தில் வளரும் சில பாக்டீரியாக்கள், இதிலுள்ள பிராணவாயுவைப் பறித்துக்கொண்டு வாழ்கின்றன. பறித்தது போக எஞ்சுவது டிரைமெதிலமைன். அதுவே புலவு நாற்றத்தின் வேர். சுமார் 3 டிகிரி சென்டிகிரேடிலேயே கொதித்துவிடும் இயல்புடையதாகையால், நம் ஊர் வெப்பத்தில் அது மிக எளிதாகக் காற்றில் கலந்துவிடும். மிகச் சிறிய அளவே இருந்தாலும் மூக்குக்கு எட்டிவிடும்.

டிரைமெதிலமைன் ஒரு காரம். காரத்தோடு அமிலம் சேர்ந்தால் உப்பு உண்டாகும் என்று பள்ளியில் படிக்கிறோம். அந்த உப்பு ஆவியாகாது. மீன் குழம்புக்குப் புளி கரைத்து ஊற்றுவதும், மீனை எலுமிச்சம் பழச் சாற்றில் ஊறவைப்பதும் புலவு நாற்றத்தை அடக்குவதன் காரணம் இதுதான். புளி கெட்ட மீனை நல்ல மீனாக்கிவிடாது, அதன் வாயை மட்டுமே அடைக்கும் என்பதை மறந்துவிடக் கூடாது.

எல்லா மீனும் ஒரே விதமாகக் கெடுவதில்லை. கட்லா, ரோகு போன்ற நன்னீர் மீன்களில் டிரைமெதிலமைன் ஆக்சைடு இல்லை என்றே சொல்லலாம். ஆகவே அவை கெட்டாலும் கடல் மீனைப் போல நாறுவதில்லை. சுறாவின் சதையிலும் திருக்கையின் சதையிலும் யூரியா மிகுதி. அதைப் பாக்டீரியாக்கள் அம்மோனியாவாக மாற்றிவிடுவதால், சுறாவின் நாற்றம் கண்ணில் நீர் வரச் செய்யும். மேலும் நாட்கள் சென்றால் கந்தகம் சேர்ந்த ஆவிகளும் எழுகின்றன. அழுகிய முட்டையின் நாற்றத்தை நினைத்துக்கொண்டால் போதும்.

இந்த ஆவிகளை இரசாயனச் சாலையில் அளக்க முடியும். மீன் சதையின் சாற்றை நீராவியால் வடித்து, வெளிவரும் அம்மோனியா, டிரைமெதிலமைன் முதலிய காரங்களை ஒருங்கே அளந்து, 100 கிராம் சதையில் இத்தனை மில்லிகிராம் நைட்ரஜன் என்று கூறுவார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தார் மீனின் வகைக்கு ஏற்ப இதற்கு 25 முதல் 35 மில்லிகிராம் வரை எல்லை வகுத்திருக்கிறார்கள். நம்பத் தகுந்த முறைதான். ஆனால் அதற்குச் சோதனைச் சாலை வேண்டும், பயின்ற ஆள் வேண்டும், நேரம் வேண்டும். சோதித்த மீனோ திரும்பி வராது. ஏலக் கூடத்தில் கூடை கூடையாக வந்து இறங்கும் மீனை இப்படி வடித்துக்கொண்டிருக்க முடியுமா? மூக்கைப் போல விரைவாகவும், இரசாயனத்தைப் போல எண்ணால் பேசுவதாகவும் ஒன்று வேண்டியிருந்தது.

அதற்கான முதற்படி மீனோடு தொடர்பில்லாத ஓரிடத்தில் வைக்கப்பட்டது. 1960-களில் ஜப்பானில் நவோயோஷி டகுச்சி என்பவர், வீடுகளில் சமையல் வாயு கசிந்தால் எச்சரிக்கை செய்யும் உணர்கருவி ஒன்றை அமைத்தார். அதன் உயிர்நாடி வெள்ளீய ஆக்சைடு. அதைச் சில நூறு டிகிரி வெப்பத்தில் வைத்திருந்தால், காற்றிலுள்ள பிராணவாயு அதன் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு, அதனுள் இருக்கும் எலெக்ட்ரான்களைப் பிடித்து நிறுத்திவிடுகிறது. ஓட வேண்டிய எலெக்ட்ரான்கள் சிறைப்பட்டுப் போவதால், மின்சாரத்துக்குத் தடை மிகுகிறது. அப்போது எரியும் இயல்புடைய ஓர் ஆவி அங்கே வந்தால், அது அந்தப் பிராணவாயுவோடு கூடி எரிந்துவிடுகிறது. சிறைப்பட்ட எலெக்ட்ரான்கள் விடுதலை பெறுகின்றன. தடை குறைகிறது. தடையின் ஏற்ற இறக்கத்தைப் பார்த்தே ஆவி வந்ததையும் அதன் அளவையும் அறியலாம்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. சமையல் வாயு வந்தாலும் தடை குறையும், சாராய ஆவி வந்தாலும் குறையும், டிரைமெதிலமைன் வந்தாலும் குறையும். 'யாரோ வந்தார்கள்' என்று சொல்லத் தெரிந்து, வந்தவர் யார் என்று சொல்லத் தெரியாத சாட்சி போன்றது இந்தக் கருவி. இச்சங்கடத்தையே வசதியாக மாற்றிக் காட்டியவர்கள் இங்கிலாந்தில் வார்விக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிருஷ்ண பெர்சாட், ஜார்ஜ் டாட் என்னும் இருவர். 1982-இல் அவர்கள் இத்தகைய உணர்கருவிகள் மூன்றை ஒன்றாக வைத்து, மூன்றின் விடைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒவ்வொரு சாட்சியும் தெளிவில்லாமல் பேசினாலும், ஒவ்வொருவர் பேசும் விதத்திலும் வேறுபாடு இருக்கிறது. முதல் சாட்சி சாராயத்துக்கு உரக்கக் கத்துவான், இரண்டாமவன் அம்மோனியாவுக்குக் கத்துவான், மூன்றாமவன் இரண்டுக்கும் முணுமுணுப்பான். மூவர் குரலையும் சேர்த்துக் கேட்டால், வந்தவர் யார் என்று ஊகித்துவிடலாம். தனித்தனி ஆவிக்குத் தனித்தனிக் கருவி வேண்டுவதில்லை.

நம் மூக்கும் ஏறக்குறைய இந்த வழியில்தான் நடக்கிறது. மூக்கிலுள்ள வாங்கிகளின் பெரிய மரபணுக் குடும்பத்தை 1991-இல் அமெரிக்க விஞ்ஞானிகளான லிண்டா பக், ரிச்சர்டு ஆக்சல் ஆகியோர் கண்டு கூறினார்கள். அதற்காக 2004-இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. மனிதனுக்கு வேலை செய்யும் வாங்கி வகைகள் ஏறத்தாழ நானூறு. நானூறு வகை வாங்கிகளைக் கொண்டு எண்ணற்ற மணங்களைப் பிரித்தறிகிறோம் என்றால், தனித்தனி எழுத்துக்களால் அன்று, எழுத்துக்கள் கூடிய சொற்களால்தான் மூக்கு படிக்கிறது என்பது புலனாகும்.

மீன் தொழிலில் இந்தக் கருவியை ஊன்றி ஆராய்ந்தவர்களில் ஐஸ்லாந்து நாட்டு மீன்வள ஆராய்ச்சிச் சாலையினர் குறிப்பிடத்தக்கவர்கள். அவர்கள் முதலில் எடுத்துக்கொண்ட மீன்களில் ஒன்று கேப்லின் என்னும் குளிர்க்கடற் சிறு மீன். அதில் பெரும்பகுதி அரைத்து மீன் மாவாக ஆக்கப்படுகிறது. ஆலைக்கு வந்து சேரும்போது மீன் எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே மாவின் தரமும் அமையும். கப்பலிலிருந்து இறங்கும் பெருங்குவியலை யார் மோந்து முடிப்பது?

அவர்களுடைய கருவிக்கு ஃப்ரெஷ்சென்ஸ் என்று பெயர். ஒரு மூடிய கண்ணாடிப் பாத்திரத்தில் மீனை வைத்து, அதற்கு மேலுள்ள காற்றைச் சிறு விசிறியால் சுழலவிட்டு, நான்கு உணர்கருவிகளின் மேல் படும்படி செய்தார்கள். கார்பன் மானாக்சைடு, ஹைட்ரஜன் சல்ஃபைடு, கந்தக டையாக்சைடு, அம்மோனியா ஆகிய நான்கு வாயுக்களை அளப்பதற்காகச் செய்யப்பட்டவை அவை. வெள்ளீய ஆக்சைடைப் போல வெப்பத்தால் வேலை செய்யாமல், சிறிய மின்கலம்போல் இருந்து, வாயு உட்புகுந்தால் மின்னோட்டம் எழுப்புபவை. மீனிலிருந்து கார்பன் மானாக்சைடு எழுகிறதா என்று நீங்கள் ஐயுறலாம். அக்கருவி பெயருக்குத்தான் கார்பன் மானாக்சைடு கருவி. மீன் கெடத் தொடங்கும்போது முதலில் எழுகிற ஆல்கஹால், ஆல்டிஹைடு, எஸ்டர் வகை ஆவிகளுக்கும் அது விடை சொல்லும். காரங்களின் கடும் நாற்றம் கிளம்புவதற்கு முன்பே வரும் மெல்லிய இனிப்பு வாடை அது. பெயர் ஒன்றாகவும் பயன் வேறொன்றாகவும் இருக்கிற இந்தக் கருவிதான், மீன் கெடுவதன் தொடக்கத்தைக் காட்டித் தருவதில் சிறந்து நின்றது. அம்மோனியாக் கருவி பின்னர் வரும் காரங்களுக்கு விழித்துக்கொண்டது. 1997-இல் வெளியிட்ட கட்டுரையில், கருவியின் விடைகளை இரசாயன முறையில் அளந்த நைட்ரஜன் அளவுகளோடு ஒப்பிட்டுக் காட்டினார்கள். சோதித்த மீன் சிதையாமல் திரும்பக் கிடைத்தது என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

ஆயினும் கருவிக்குத் தானாக ஒன்றும் தெரியாது. 'கெட்டது' என்ற சொல்லின் பொருளை அதற்குக் கற்பிக்க வேண்டும். பனிக்கட்டியில் வைத்த மீனை ஒவ்வொரு நாளும் எடுத்து, ஒரு பக்கம் பயின்ற மனிதர்கள் மோந்து மதிப்பெண் இடுகிறார்கள். ஒரு பக்கம் இரசாயனச் சோதனை நடக்கிறது. அதே மீனின் முன் கருவி தன் எண்களைத் தருகிறது. இந்த எண்களுக்கும் அந்தத் தீர்ப்புகளுக்கும் உள்ள உறவைக் கணிப்பொறி கண்டுபிடித்து நினைவில் வைத்துக்கொள்கிறது. பிறகு, புதிதாக வரும் மீனைத் தான் முன்பு கண்ட மீன்களோடு ஒப்பிட்டுச் சொல்லும். ஆகவே, மனித மூக்கை விலக்க வந்த கருவிக்கு மனித மூக்கே ஆசான்.

ஆசான் கற்பிக்காததை மாணாக்கன் அறியான். குளிர்க்கடல் காட் மீனைப் பார்த்துப் பழகிய கருவியை நம் மத்திக் கூடையின் முன் வைத்தால், அதன் தீர்ப்புக்கு மதிப்பில்லை. மத்தியில் எண்ணெய் மிகுதி. அது காறிக் கெடும், காட் மீன் கெடுகிற வழி வேறு. வெப்பக் கடலின் மீன்கள் பனிக்கட்டியில் பல சமயம் குளிர்க்கடல் மீன்களைக் காட்டிலும் நெடுநாள் நிற்பதும் காணப்பட்டிருக்கிறது. வெப்பத்தில் வாழ்ந்து பழகிய பாக்டீரியாக்கள் குளிரில் முடங்கிவிடுவது இதற்குக் காரணங்களில் ஒன்று. வடகடலில் ஒரே வகை மீன் மலைபோல் வந்து இறங்கும். நம் மீன்பிடி துறைமுகங்களிலோ ஒரே படகிலிருந்து நெத்திலியும் வாளையும் வவ்வாலும் திருக்கையும் இறங்குகின்றன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பாடம் நடத்தியாக வேண்டும்.

ஈரம் மற்றொரு பகை. மீன் எப்போதும் நனைந்தே இருக்கிறது, பனிக்கட்டி உருகிக்கொண்டே இருக்கிறது. நீராவி பட்டாலே வெள்ளீய ஆக்சைடின் தடை மாறிவிடும். மீன் சிறிது சூடேறினால் ஆவி அதிகமாகக் கிளம்பி, நல்ல மீனையும் கெட்டதாகக் காட்டிவிடும். மாதங்கள் செல்லச் செல்ல உணர்கருவியே முதுமையுற்று, அதே மணத்துக்கு வேறு விடை சொல்லத் தொடங்கும். வெப்பத்தையும் ஈரத்தையும் அளந்து கழித்துக்கொள்ளவும், அவ்வப்போது அறிந்த மணத்தைக் காட்டிக் கருவியைத் திருத்தவும் வழிகள் உண்டு. சோதனைச் சாலையில் அவை எளிது, ஏலக் கூடத்தில் கடினம். ஆராய்ச்சிக் கட்டுரைகள் பல்கிப் பெருகியும், சந்தையில் தராசைப் போல இக்கருவி இடம் பெறாமலிருப்பதற்கு இதுவே முதற்காரணம் என்பது என் கருத்து.

ஏமாற்றுவோரையும் கணக்கில் கொள்ள வேண்டும். 2018 ஜூன் மாதத்தில் கேரளத்தில், மீன் கெடாமலிருக்க ஃபார்மலின் சேர்த்து அனுப்பப்பட்ட சரக்குகளை உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் பிடித்தார்கள். கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கிய சோதனைத் தாள்கள், நிறம் மாறி ஃபார்மலினைக் காட்டிக் கொடுத்தன. ஃபார்மலின் பாக்டீரியாக்களைக் கொன்றுவிடுவதால், டிரைமெதிலமைன் எழுவது நின்றுபோகும். கெடுவதன் நாற்றத்தை மட்டும் கற்ற கருவி, நாற்றம் இல்லாததைக் கண்டு அம்மீனைப் புதிய மீன் என்று சொல்லிவிட இடமுண்டு.

எல்லாவற்றிலும் கவலைக்குரியது ஹிஸ்டமின். சூரை, கானாங்கெளுத்தி, மத்தி முதலிய மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலம் நிறைய உண்டு. மீனைப் பிடித்தபின் வெப்பத்தில் போட்டுவைத்தால், சில பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடுகின்றன. அத்தகைய மீனை உண்டவருக்குச் சிறிது நேரத்தில் முகம் சிவந்து, தலை வலித்து, உடலெங்கும் தடிப்பும் அரிப்பும் தோன்றலாம். தமக்கு மீனே ஒவ்வாது என்று அவர் எண்ணிக்கொள்வதும் உண்டு. ஹிஸ்டமின் வேகவைத்தாலும் பொரித்தாலும் அழியாது. டப்பாவில் அடைக்கும்போது ஏற்றுகிற கடும் வெப்பத்துக்கும் அது அசையாது. அனைத்துலக உணவுத் தர நெறிகள் ஒரு கிலோகிராம் மீனில் 200 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கலாகாது என்கின்றன. அதற்கு மணம் இல்லை, அது ஆவியாவதும் இல்லை. ஆவியாகாத ஒன்றைக் காற்றை மோந்து அறிவது எந்த மூக்குக்கும் இயலாத காரியம்.

காலையில் பிடித்த சூரை மீன் ஒன்று, நண்பகல் வரை வெயிலில் படகின் மேல்தட்டில் கிடந்துவிட்டு, அதன்பின் பனிக்கட்டிக்குள் போனதாக வைத்துக்கொள்வோம். பனிக்கட்டியில் அதன் நாற்றம் அடங்கியே இருக்கலாம். கருவி அதை மோந்து 'நன்று' எனலாம், அருகில் நிற்கும் அனுபவசாலியும் அவ்வாறே சொல்லலாம். அந்தச் சில மணி நேரத்தில் உண்டான ஹிஸ்டமின் மட்டும் சதையில் அப்படியே இருக்கும். அதனால்தான் சூரை மீனை டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலைகளில் சதையில் ஒரு துண்டை வெட்டி எடுத்து இரசாயன முறையில் ஹிஸ்டமினைச் சோதிக்கிறார்கள். அதோடு, மீன் வலையிலிருந்து ஏறியது எப்போது, பனிக்கட்டிக்குள் போனது எப்போது, அப்போது அதன் வெப்பம் எத்தனை டிகிரி என்று எழுதிய குறிப்பைப் படகுக்காரரிடம் கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள்.